ஏரியில் இரண்டு மாநிலம், வலையில் ஒரு ஜன்னல்

போன மாதம் மூன்று இளம் ஆய்வாளர்கள் பொன்னேரியில் என் வீட்டுக்கு வந்தார்கள். எல்லை தாண்டி ஆந்திரத் தடாவில் ஒரு கூட்டமாம். பழவேற்காடு ஏரியில் தமிழ்நாட்டுத் தரப்பும் ஆந்திரத் தரப்பும் சேர்ந்து புதிய மீன்பிடி முறைகளைச் சோதித்துப் பார்ப்பது பற்றிப் பேசப் போகிறார்களாம். "அந்த வலை ஜன்னல் வேலைய நீங்கதானே மேடம் ஆரம்பிச்சீங்க? கோப்புல ரெண்டே பக்கம்தான் இருக்கு" என்றாள் அவர்களில் ஒருத்தி. அந்த இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து வந்திருந்தாள். கடைசி வரியைப் படித்தேன். "இரு மாநில மீனவர்களின் ஒத்துழைப்புடன் சோதனை இனிதே நடைபெற்றது."

அதை எழுதியது நான்தான். மீதியெல்லாம் சரி. 'இனிதே' என்பது மட்டும் சரியில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் கோமதி. மீன்துறையில் சார் ஆய்வாளராகச் சேர்ந்து ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். பொன்னேரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊரில் பிறந்தேன். சேற்றில் நடக்கத் தெரியும், நீந்தத் தெரியாது. பயிற்சிக் காலத்தில் மீன்களின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், படகில் ஏறிய போதெல்லாம் வாந்தி எடுத்தேன். மூன்றாம் மாதம் வாந்தி நின்றது. பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. வேலையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் உதவி இயக்குநர் செல்வநாயகம் சார். நாங்கள் அவரை ஏ.டி. சார் என்போம்.

அவரிடம் அறிக்கை கொடுப்பது எளிதல்ல. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் நாங்களே ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கத் தலைப்பு 'கண்டது'. வலது பக்கத் தலைப்பு 'கேட்டது'. ஒருமுறை "மீனவர்கள் அதிருப்தியில் உள்ளனர்" என்று இடது பக்கம் எழுதிவிட்டேன். பென்சிலால் அதைத் தட்டினார். "அதிருப்திய எங்க பாத்த? எத்தன பேரு? பேரச் சொல்லு." இரண்டு பேர் சொன்னதைக் கேட்டு எழுதியதாக ஒப்புக்கொண்டேன். "அப்ப ரெண்டு பேரு சொன்னாங்கன்னு வலது பக்கம் எழுது. எல்லா மீனவனையும் ஏன் இழுக்கற?" குரலை உயர்த்த மாட்டார். படகில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். படகுக்காரர் காட்டிய இடத்தில்தான் உட்காருவார். அதிகாரி வந்தால் படகின் நடுவில் விரிக்கிற கம்பளியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வடகுப்பம் என் பொறுப்பில் இருந்த ஊர். ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதிக்கு வட ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய மீனவர் ஊர். அங்கே இறால் பிடிக்கக் கட்டு வலை போடுவார்கள். இரண்டு கழிகளை நட்டு, நடுவே பை போன்ற வலையை நீரோட்டத்துக்கு எதிரே வாய் திறந்து கட்டிவிடுவார்கள். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் வற்றத்தில், கூடவே வருகிற இறால் பையின் கடைசியில் போய்ச் சேரும். அந்தக் கடைசிப் பகுதியை மடி என்பார்கள். மடியை அவிழ்த்துக் கொட்டினால் விற்கக்கூடிய இறாலைவிடப் பொடி இறால்தான் கூடுதலாக இருக்கும். பொடியை மணலில் கொட்டுவார்கள். காக்கை தின்னும், மீதி காயும்.

தேசம்மா அந்த ஊரில் வலை தைப்பவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கணவன் இல்லை, தம்பி முருகன் படகு ஓட்டுவான். ஒருநாள் கொட்டிக் கிடந்த பொடியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"மேடம், வலக் கண்ணி எப்டி கீது பாத்தியா? கையில வெச்சா தொறந்து கீது. தண்ணி இய்க்கும்போது மூடிக்குது. பொடி எப்டி வெளிய போவும்?"

மடியைக் கையில் எடுத்து இழுத்துக் காட்டினாள். சாய்சதுரமாக இருந்த கண்ணி, இழுத்ததும் கோடாக ஒட்டிக்கொண்டது. பிறகு அதே வலைத் துண்டைக் குறுக்கே திருப்பிப் பிடித்து இழுத்தாள். இப்போது கண்ணி நாலு மூலையும் விறைத்து, கட்டம் போட்ட ஜன்னல் மாதிரி திறந்தே நின்றது.

"இந்த மாறி ஒரு துண்ட திருப்பி வெச்சி, மடிக்கு மேல தெச்சிப் பாக்கட்டுமா?"

இடது பக்கத்தில் எழுதினேன்.

ஏ.டி. சார் அனுமதி கொடுத்தார். ஆனால் சோதனை முறை அவர் சொன்னபடிதான் நடக்க வேண்டும். ஒரே வற்றத்தில் இரண்டு வலைகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பழையது, ஒன்று ஜன்னல் வைத்தது. ஜன்னலுக்கு வெளியே கொசுவலைத் துணியால் ஓர் உறை கட்ட வேண்டும். ஜன்னல் வழியே தப்பிப்பது உறையில் சேரும். அப்போதுதான் தங்கியது எது, தப்பியது எது என்று இரண்டும் கண்ணுக்குத் தெரியும். கரையில் இரண்டு வெள்ளைத் தட்டுகள். மடியில் இருந்தது ஒன்றில், உறையில் இருந்தது மற்றதில். ஒவ்வொரு இறாலையும் கண்ணிலிருந்து வால் நுனி வரை அளந்து எழுத வேண்டும். முதல் நாள் அளந்து முடிப்பதற்குள் என் விரல்களெல்லாம் முள் குத்திய புண்.

முதல் சில நாள் ஜன்னல் நன்றாகவே வேலை செய்தது. பிறகு பாசி வந்தது. பாசியின் பாரத்தில் மடி துவண்டு ஒட்டிக்கொள்ள, ஜன்னலும் அடைத்துப் போனது. தேசம்மா மூன்று விதமாகத் தைத்துப் பார்த்தாள். மூன்றும் தோற்றன.

பாசிக்கு வழி அக்கரையில் இருந்தது. ஏரியின் நடுவே ஆந்திராவைச் சேர்ந்த ஒரு தீவுக் கிராமம் உண்டு. நாங்கள் திட்டு என்போம். அந்தப் பக்கத்து மீன்துறைக் களப் பணியாளர் ரமணாவை எளாவூர்ச் சோதனைச்சாவடிக்கு அருகே ஒரு டீக்கடையில் சந்திப்பது என் வழக்கம். படகுகள் எல்லை தாண்டிப் பிடிபட்டால் மீட்பதற்காகத் தொடங்கிய பழக்கம் அது. எங்கள் பாசிக் கதையைக் கேட்டுவிட்டு, திட்டில் போலையா என்று ஒருவர் மடிக்குள் பிரம்பு வளையம் வைத்துக் கட்டுகிறார் என்றார் ரமணா. வளையம் இருந்தால் மடி துவளாது. பாசி அடியிலேயே உருண்டு கடைசிக்குப் போய்விடும்.

அடுத்த வாரம் போலையாவையும் அழைத்து வந்தார். அறுபது வயது இருக்கும். மீசை முழுக்க நரை. தேசம்மா கொண்டு வந்திருந்த ஜன்னல் துண்டை வாங்கி இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வேல நல்லா கீதம்மா. ஆனா எனக்கு இன்னா லாபம்? நான் பொடிய விடுவேன். அது பெருசாயி கடலுக்கு உங்க ஊரு தாண்டித்தானே போவணும்? நீங்க புடிச்சிப்பீங்க."

தேசம்மா விடவில்லை. "கடல்லருந்து குஞ்சு உள்ள வரும்போது எங்க ஊரத் தாண்டித்தானே உங்க கிட்ட வருது நைனா? நாங்க வழிலயே வாரிட்டா உங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

போலையா டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், "ரெண்டு பேரும் சேந்து விடணும். ஒருத்தன் விட்டு ஒருத்தன் புடிச்சா சண்டதான்" என்றார்.

நான் இத்தனை ஆண்டுகளில் உட்கார்ந்த கூட்டங்களில் அதைவிடத் தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை. அவர் வளையம், இவள் ஜன்னல், இரண்டையும் ஒரே மடியில் சேர்ப்பது என்று முடிவானது. முதல் சோதனை எங்கள் தண்ணீரில். எல்லை காகிதத்தில்தான் கோடாக இருக்கிறது, ஏரியில் ஒன்றும் இல்லை. ஆகவே இரு தரப்பும் சேர்ந்து ஒரு கழி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டினோம். அந்தக் கழிக்குத் தெற்கேதான் சோதனை வலை. போலையா தன் ஊரைக் கூட்டி வைத்து இதைச் சொல்லி ஒப்புதல் வாங்கினார். திட்டில் பலருக்கு இதில் விருப்பமில்லை. வளையத் தந்திரத்தை அக்கரைக்குக் கொடுத்துவிட்டார் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது.

இனி நான் செய்த தவறு.

சோதனை நாள் காலை முருகனோடு படகில் போனேன். முகத்துவாரத்தில் மணல் ஏறியிருந்தது. கழிக்குத் தெற்கே நீரோட்டம் செத்துக் கிடந்தது. அங்கே வலையைக் கட்டினால் ஒன்றும் சேராது. வடக்கே, கூப்பிடு தூரத்தில், தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. "மேடம், அது அவங்க பக்கம்" என்றான் முருகன். ரமணாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன். கிடைக்கவில்லை. ஒரே ஒரு வற்றம்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "நான் சொல்றேன், கட்டு" என்றேன். வலையைக் கட்டிவிட்டு, என்னைக் கரையில் இறக்கிய முருகன் வலைக்குக் காவலாகத் திரும்பிப் போனான்.

நான் கரையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தொலைவில் நண்டு வலை போட்டுக்கொண்டிருந்த வடகுப்பத்துக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டார். திட்டிலிருந்து ஆறு படகுகள் வந்து முருகனையும் படகையும் வலையையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டன.

கால் மணி நேரத்தில் வடகுப்பம் முழுதும் கரையில் நின்றது. ஆண்கள் கழியும் துடுப்பும் எடுத்து வந்தார்கள். நாலு படகுகளில் எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். "நம்ம பையன தூக்கிக்கினு போய்ட்டானுங்க, இன்னாத்துக்கு வேடிக்க பாக்கறது?" என்று ஒருவர் கத்தினார். அவர்கள் எல்லோரும் முருகன் எங்கள் தண்ணீரில் பிடிபட்டான் என்றே நம்பினார்கள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

சோதனையைப் பார்க்க வரவேண்டிய ஏ.டி. சார் அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினார். என்னைத் தனியே அழைத்தார். "வலை எங்க இருந்துச்சு?"

"கழிக்கு வடக்க சார். நான்தான் மாத்தச் சொன்னேன்."

திட்டு இருந்த பக்கம் கையைக் காட்டினார். "இத அங்க போய்ச் சொல்லுவியா?"

"சொல்றேன் சார்."

"மொதல்ல இங்க சொல்லு."

கூட்டத்தின் முன்னால் நின்று சொன்னேன். சில பேர் வாயில் வந்தபடி என்னைத் திட்டினார்கள். ஆனாலும் படகுகளைத் தள்ள வந்தவர்கள் நிற்கவில்லை. தப்பு யாருடையதாக இருந்தாலும் பையன் அவர்கள் பையன். அப்போது ஏ.டி. சார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் இருந்த படகின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். "கோமதியும் தேசம்மாவும் போய்ட்டு வரட்டும். அதுக்குள்ள படகத் தள்ளணும்னா என்னத் தூக்கிப் போட்டுட்டுத் தள்ளுங்க." அந்த மனிதர் அங்கிருந்து அசையவில்லை. நானும் தேசம்மாவும் வேறொரு சிறு படகில் கிளம்பினோம்.

திட்டில் முருகனை யாரும் கட்டி வைக்கவில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எஞ்சினை மட்டும் கழற்றி வைத்திருந்தார்கள். அவன் பக்கத்தில் ரமணா நின்றிருந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்திருந்தது. ஊரை விற்றுவிட்டான் என்று அவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததுதான் முருகனைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

போலையா முன்னால் வந்தார். "மாட்ட இச்சாரு கதா மேடம்? வார்த்த குடுத்தீங்க இல்ல? கழி நட்டது எதுக்கு?"

என் தெலுங்கு அரைகுறை. இருந்தாலும் அதில்தான் சொன்னேன். "தப்பு நாதி." தவறு என்னுடையது. பிறகு தமிழில், நீரோட்டம் இல்லாததையும் போன் கிடைக்காததையும் சொல்லி, "இது ரெண்டும் காரணம் ஆவாது. நான் கேக்காம உங்க தண்ணிக்கு வந்தேன். முருகன் வேணாம்னு சொன்னான். ரமணா சாருக்கு இது தெரியவே தெரியாது" என்றேன். ரமணா ஒவ்வொரு வாக்கியமாகத் தெலுங்கில் சொன்னார். தன்னைப் பற்றிய வாக்கியத்தை அவர் விட்டுவிட்டார். போலையாவே அதைத் தெலுங்கில் கூட்டத்துக்குச் சொன்னார்.

கூட்டம் அடங்கவில்லை. ஒருவர், அது சோதனை வலையே இல்லை, உள்ளே இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போகிற வலை என்றார். போலையா கையை உயர்த்தினார். "வல இங்கதான் கீது. தண்ணிலயே கட்டி வெச்சிக்கிறோம். எல்லார் எதிர்லயும் அவுருங்க. பாப்போம்."

தேசம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். போலையாவும் இறங்கினார். மடியின் முடிச்சை அவர் அவிழ்த்தார், உறையின் முடிச்சை இவள் அவிழ்த்தாள். மடியில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் கூடையில் கொட்டினார்கள். விரல் நீளத்துக்கு மேற்பட்ட வெள்ளை இறால், கொஞ்சம் நண்டு, அடியில் பந்தாக உருண்ட பாசி. வளையம் அப்படியே நின்றது, ஜன்னலில் பாசி இல்லை. பொடி தேடினால்தான் கிடைத்தது. உறையில் இருந்ததைத் தேசம்மா தண்ணீரோடு ஒரு குண்டானில் அள்ளினாள். குண்டான் முழுக்கப் பொடி. உயிரோடு துள்ளியது.

சுற்றி நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். வாரிக்கொண்டு போகிற வலை என்றவரும் கையை விட்டு அளைந்து பார்த்தார். பிறகு அவரே, "சரி, இந்தப் பொடி யாருது? எங்க தண்ணில புடிச்சது, எங்குளுதுதானே?" என்று கேட்டார்.

தேசம்மா குண்டானைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள். "கேட்டுச் சொல்லுண்ணா. ஆதார் கார்டு வெச்சிக்கினு நீந்துதா இன்னான்னு."

ரமணா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. முதலில் பெண்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். போலையா மட்டும் சிரிக்கவில்லை. குண்டானை அவள் கையிலிருந்து வாங்கி, நாலடி உள்ளே நடந்து போய், ஏரியில் கவிழ்த்தார்.

திரும்பி வந்து நிபந்தனை சொன்னார். இனிமேல் சோதனை நடக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் படகில் அவர்கள் ஆள் ஒருவர், அவர்கள் படகில் எங்கள் ஆள் ஒருவர். அடுத்த சோதனை திட்டின் தண்ணீரில், அவர்கள் வலையில். மூன்றாவதாக, நடந்த தவறை நான் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவதன் எடை தெரியும். படகின் பலகையில் தாளை வைத்து நாலு வரி எழுதினேன். கீழே ரமணா தெலுங்கில் எழுதினார். கையெழுத்துப் போட்டேன். எஞ்சினை அவர்களே தூக்கி வந்து பொருத்திக் கொடுத்தார்கள்.

நாங்கள் மூவரும் வடகுப்பத்துக்குத் திரும்பியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஏ.டி. சார் அதே படகு விளிம்பில், அதே இடத்தில் இருந்தார். யாரோ அவர் தலையில் ஒரு துண்டைப் போட்டிருந்தார்கள்.

அந்தத் தாள் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நடந்ததை அப்படியே எழுதினேன். என் பணிப்பதிவேட்டில் ஒரு கண்டனம் பதிவானது. அதைப் பரிந்துரைத்தவர் ஏ.டி. சாரேதான். அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீ செஞ்சது தப்பு, தப்புன்னுதான் எழுதினேன். சோதனைய நிறுத்தலாமான்னு கேட்டிருந்தாங்க. நிறுத்த வேணாம், இவளே நடத்தட்டும்னும் எழுதினேன்." எனக்குக் கோபம் வரவில்லை. தப்பு செய்தவளிடம் வேலையைத் திருப்பிக் கொடுக்க ஒரு அதிகாரிக்கு நெஞ்சுரம் வேண்டும். அவரிடம் அது இருந்தது. எனக்கும் அந்த வேலையை முடிக்கத் தெரிந்திருந்தது.

இரண்டு பருவங்கள் சோதித்தோம். முருகன் திட்டுப் படகில் ஏறினான், போலையாவின் மருமகன் எங்கள் படகில் ஏறினார். பாசி கூடுதலாக இருந்த மாதங்களில் ஜன்னலை மேலிருந்து சற்றுப் பக்கவாட்டுக்கு மாற்றியது போலையாவின் யோசனை. வளையத்துக்குப் பிரம்புக்குப் பதில் பழைய தண்ணீர்க் குழாயை வளைத்தது தேசம்மாவின் யோசனை. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். சிலர் நாங்கள் பார்க்கும்போது ஜன்னலோடு போனார்கள், பிறகு அதை நூலால் தைத்து மூடிக்கொண்டார்கள். இரு பக்கமும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் மூன்றாம் பருவத்தில் நான் எண்ணிப் பார்த்தபோது, மூடியவர்களைவிடத் திறந்து வைத்தவர்கள் அதிகம். பெரிய இறாலும் நன்றாகக் கிடைத்தது. அதற்கு ஜன்னல்தான் காரணம் என்று நான் எழுதவில்லை. மழையும் நல்ல மழை. மணலில் காயும் பொடி குறைந்தது, அதைக் கண்ணால் கண்டேன், எழுதினேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வெகுநாள் புரியவில்லை. வடகுப்பத்தில் அந்த வலையை 'ஆந்திரா ஜன்னல்' என்றார்கள். திட்டில் 'அரவ கிடிகி', அதாவது தமிழ் ஜன்னல் என்றார்கள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு, மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, இதைக் கண்டுபிடித்தது யார் என்று இரு ஊராரையும் ஒன்றாக வைத்துக் கேட்டார். "அந்தம்மா" என்று தேசம்மாவைக் காட்டினார் போலையா. "அவரு" என்று போலையாவைக் காட்டினாள் தேசம்மா. அதிகாரி இருவரின் அடக்கத்தையும் பாராட்டிப் பேசினார். கைதட்டல் முடிந்து டீ கொடுக்கும்போது தேசம்மாவை ஓரமாக இழுத்துக் கேட்டேன்.

"ஜன்னல் உன்னுதுதானே? ஏன் அவர் பேரச் சொன்ன?"

"ஆரம்பத்துலயே அப்டித்தான் மேடம் சொல்லி வெச்சேன். எங்க ஊர்ல ஒரு பொம்பள தெச்சதுன்னா எவன் போடுவான்? ஆந்திராக்காரன் இத வெச்சிக்கினுதான் பெரிய எறாவா அள்றான்னு சொன்னேன். மறுநாளே பத்து பேரு வந்து நின்னான்."

"அவர் ஏன் உன் பேரச் சொல்றாரு?"

டீ டம்ளரை வாயருகே வைத்துக்கொண்டு, எதிர்ப் பக்கம் நின்ற போலையாவைப் பார்த்தாள். அவர் அங்கிருந்தே தலையை ஆட்டினார்.

"அவரும் அங்க அதேதான் சொல்லி வெச்சிக்கிறாரு" என்றாள் தேசம்மா.